அண்ணாந்து குடித்த ஆள்

சலவைத் தள்ளுவண்டிக்குள் தாவிக் குதித்து, ஈரத் துண்டுகளை வாரித் தலைமேல் போட்டுக்கொண்டான் மாப்பிள்ளை. அடுத்த நொடி ஓய்வறைக் கதவு கிறீச்சிட்டது.

மூச்சை அடக்கினான்.

காலடிகள் உள்ளே வந்தன. நேராக ஃப்ரிட்ஜை நோக்கிப் போயின. நின்றன. துண்டுகளை விரலால் விலக்கி, அந்த இடுக்கில் ஒற்றைக் கண்ணைப் பொருத்தினான்.

பெரிய தொப்பை. அதற்கு மேல் அதைவிடப் பெரிய மீசை. துவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள். ஃப்ரிட்ஜைத் திறந்தான். மீசைக்காரன் தன் வெண்ணெய் ரொட்டிப் பொட்டலத்தை எடுத்தான், முகர்ந்தான், ஒரு ஏப்பம் விட்டான், போய்விட்டான்.

மேல்தட்டில் பாட்டில் அசையாமல் நின்றிருந்தது.

பன்னீர் சோடா.

சட்டைப் பைக்குள் போன் துடித்தது. மனைவி. எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பாள். எடுத்தான்.

"என்னங்க, குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?"

"துண்டுக்குள்ள இருக்கேன்."

"குளிக்கறீங்களா?"

"திருடனைப் பிடிக்கறேன். அப்புறமா பேசறேனே."

"திருடனை அப்புறம் பிடிக்கலாம். என் மாற்றல் என்னாச்சு?"

"உன் மாற்றல் இல்ல, என் மாற்றல்."

"வர்றது நீங்க, காத்துக்கிட்டு இருக்கிறது நான். அப்ப யாரோடது? அந்தம்மா கையெழுத்துப் போட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"இங்க சமையல்கட்டுல எல்லார்கிட்டயும் எம் புருஷன் வந்துட்டே இருக்கார், வந்துட்டே இருக்கார்னு சொல்லி எனக்கு வாய் வலிக்குது. உங்க போட்டோவைக் காட்டினா, ஃப்ரேம் வாங்கும்போதே உள்ள இருந்த போட்டோவான்னு கேக்கறாங்க."

"வெச்சிடறேன். யாரோ வர்றாங்க."

யாரும் வரவில்லை.

விஷயம் இதுதான். பிழைக்க வந்த நாட்டில் ஒரே கம்பெனிக்கு இரண்டு ஊர்களில் இரண்டு ஹோட்டல். இங்கே சலவைப் பிரிவில் அவன். ரயிலில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகிற ஊரில், அங்கே சமையல்கட்டில் அவள். கல்யாணம் முடிந்து சேர்ந்து இருந்ததைவிட வழியனுப்பிக்கொண்டதுதான் அதிகம். அந்த ஊர் ஹோட்டலுக்கு மாற்றல் கேட்டிருந்தான். அங்கே அவனைச் சேர்த்துக்கொள்ளத் தயார். இங்கே விடவேண்டும். விடுவதற்குச் சலவைப் பிரிவின் சூப்பர்வைசர் அம்மாள் கையெழுத்துப் போடவேண்டும். அந்த அம்மாள் போடமாட்டேன் என்று சொல்லவில்லை. போடவுமில்லை. கேட்கும்போதெல்லாம், "பார்க்கலாம்" என்பதற்கு இந்த நாட்டு மொழியில் என்ன வார்த்தையோ அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

இப்போது சாப்பாட்டு நேரம்தான். ஆனாலும் ஹோட்டல் தள்ளுவண்டிக்குள் அழுக்குத் துண்டோடு துண்டாகக் கிடப்பதை அவள் பார்த்துவிட்டால், மாற்றல் அம்பேல். தெரிந்தேதான் இறங்கியிருந்தான். ஏனென்றால் அவன் மானம் கப்பலேறி இருந்தது. அதுவும் மச்சான் முன்னால்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இருவருக்கும் ஒரே மெஷினில் வேலை. படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, சூடான உருளைக்குள் சீராக விடவேண்டும். ஒருவன் முந்தினால் விரிப்பு கோணும்; ஒருவன் பிந்தினால் சுருங்கும். பேச்சுதான் அவர்களுக்குத் தாளம். காலையில் ஆரம்பித்தால் வேலை முடிகிறவரை தமிழ் கொட்டும். மச்சான் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மாப்பிள்ளை என்பதே அந்தக் கட்டடத்தில் அவன் பேராகிவிட்டது. மீசைக்காரன்கூட "மா-பிலே" என்பான்.

பேச்சில் முக்கால்வாசி சூப்பர்வைசரைப் பற்றியது. கட்டையாக வெட்டிய செம்பட்டைச் சாயமிட்ட முடி. உதட்டில் அடர்ந்த சிவப்புச் சாயம். அவள் குடித்து வைத்த காபிக் கோப்பையை ஒரு மைல் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம். பேரைக் கேட்டால் இந்த நாட்டுக்காரி. முகத்தில் ஒரு மடிப்புக்கூட அசையாது. அதனால் மச்சான் வைத்த பெயர், கஞ்சி.

"கஞ்சி வருது மாப்ளே, சிரிக்காதே."

"அதுகூடச் சிரிச்சா என்ன மச்சான்?"

"சிரிச்சா இஸ்திரி கலைஞ்சிடும்ல?"

"பாவம், வீட்டுக்காரர் எப்படிக் குடும்பம் நடத்தறாரோ!"

"அவரை நாலா மடிச்சு அலமாரியில வெச்சிருக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்து உதறும்."

கஞ்சி பக்கத்திலேயே நிற்பாள். மடித்த விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பாள். மற்ற மெஷின்களில் ஒரு பார்வை. இவர்கள் மெஷினில் மட்டும் ரொம்ப நேரம். குற்றம் கண்டுபிடிக்கத்தான் என்று மச்சான் அடித்துச் சொன்னார். "நம்ம மேலதான் அதுக்குக் கண்ணு. அதான் உன் மாற்றலையும் அமுக்கி வெச்சிருக்கு."

இந்த நிலவரத்தில்தான் பன்னீர் சோடா கிடைத்தது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் எல்லா நாட்டுச் சாமானும் விற்கிற ஒரு இருட்டுக் கடை. மாப்பிள்ளை துணி சோப்பு வாங்கப் போனான். தரை துடைக்கும் திரவங்களின் வரிசையில் ஒரு பாட்டில் அவனைப் பார்த்துச் சிரித்தது. லேபிளில் ரோஜாப்பூ. அதற்குக் கீழே தமிழ்.

எடுத்தான். துடைத்துப் படித்தான். மறுபடி படித்தான். கடைக்காரர் என்ன மொழிக்காரரோ, ரோஜாப் படத்தைப் பார்த்துவிட்டு, வீடு கழுவுகிற வாசனைத் தண்ணீர் என்று முடிவு கட்டியிருக்கிறார்! மாப்பிள்ளை அங்கேயே மூடியைத் திருகினான். புஸ்ஸென்றது. அண்ணாந்து கடகடவென்று தொண்டைக்குள் இறக்கினான்.

கடைக்காரர் அலறினார். கல்லாவைத் தாண்டி ஓடிவந்து பாட்டிலைப் பிடுங்கினார். ஒரு கையால் இவன் முதுகில் மடேர் மடேரென்று குத்தி, மறு கையால் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். மாப்பிள்ளைக்குப் புரை ஏறிவிட்டது. இருமினான், கண்ணில் நீர் வழிந்தது, ஆனந்தமாகச் சிரித்தான். இதைப் பார்த்ததும் கடைக்காரருக்குப் பயம் இன்னும் கூடிவிட்டது. வயிற்றைத் தடவிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, இன்னொரு வாய் குடித்துக் காட்டிய பிறகுதான் மனிதர் போனை வைத்தார்.

அப்புறம் அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. குளியல் தொட்டியில் போடும் வாசனை உருண்டைகளோடு வைத்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து, வாயைத் திறந்து காட்டி, 'இதுவுமா?' என்று சைகையில் கேட்டார்.

தேன் மிட்டாய்!

கடையிலிருந்த அத்தனையையும் வாரிக்கொண்டுதான் வெளியே வந்தான்.

அறைக்கு வந்ததும் மச்சான் ஒரு தேன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, சர்க்கரைப் பாகு நாக்கில் உடைகிற வரைக்கும் கண்ணை மூடியிருந்தார். "மாப்ளே, உனக்கு என் தங்கச்சியைக் கொடுத்தது வீண் போகல" என்றார்.

தங்கியிருந்த அறையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. வெதுவெதுப்பான பன்னீர் சோடா குடிப்பதற்குச் சோப்புத் தண்ணீரே தேவலை. அதனால் ஒவ்வொரு பாட்டிலாக ஹோட்டல் ஓய்வறை ஃப்ரிட்ஜுக்கு வந்தது. பக்கத்திலேயே மிட்டாய்ப் பொட்டலம். சாப்பிட்டதும் ஆளுக்கு ஒரு வாய், ஒரு மிட்டாய். அதற்கு மேல் தொடக்கூடாது என்று ஒப்பந்தம்.

சீக்கிரமே பாட்டிலில் மட்டம் இறங்கத் தொடங்கியது. பொட்டலமும் இளைத்தது.

"மீசை வேலைதான்" என்றான் மாப்பிள்ளை.

"மீசை தொட்டா பாட்டில் முழுக்க வெண்ணெய் அப்பியிருக்கும்."

"அப்ப கஞ்சி?"

"கஞ்சி வாய் வெச்சா பாட்டில் கழுத்துல சிவப்புச் சாயம் இருக்குமே! துப்பறிவாளன் மூளை வேணும்யா இதுக்கு. என்கிட்ட விடு."

ஹோட்டல் சாப்பாட்டில் உறைப்பே இல்லை என்று மச்சான் சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி டப்பாவில் மிளகாய்த்தூள் வைத்திருப்பார். அதில் துளி எடுத்து, தண்ணீரில் குழைத்து, பாட்டில் வாயின் வெளி விளிம்பில் மெல்லிசாகத் தடவினார். "எவன் உதடு வெச்சாலும் சரி, அலர்ற அலறல் வாசல் வரைக்கும் கேக்கும்."

அன்று முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால், மட்டம் இறங்கியிருந்தது. மிளகாய்ப் பூச்சு அப்படியே இருந்தது.

மச்சான் பாட்டிலை விளக்குக்கு நேராகப் பிடித்தார். முகம் மாறியது.

"உதடு படல."

"ஆமா."

"அண்ணாந்து குடிச்சிருக்கான்."

"ஆமா..."

"இந்த ஊர்ல எவன் அண்ணாந்து குடிக்கிறான்? எல்லாரும் பாட்டிலை வாயில செருகிக்கிட்டுல்ல குடிக்கிறாங்க! இந்த ஹோட்டல்லயே அண்ணாந்து குடிக்கிறவங்க ரெண்டு பேருதான். ஒண்ணு நான். நான் குடிக்கல."

மாப்பிள்ளை ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினான்.

"மச்சான், நீங்க என்ன சொல்ல வர்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க மாப்பிள்ளை. பாட்டில் சொல்லுது."

'ங்க' போட்டுவிட்டார்! மச்சான் வாயிலிருந்து மரியாதை வந்தால் உறவு ஆட்டம் கண்டுவிட்டது என்று அர்த்தம்.

"உங்க தங்கச்சி மேல சத்தியமா நான் தொடல!"

"ஒரு வாய் சோடாவுக்காக என் தங்கச்சி மேல பொய்ச் சத்தியம் பண்றீங்க பாருங்க, அங்கதான் நீங்க நிக்கறீங்க!"

"ஏன், நீங்க குடிச்சிருக்கக்கூடாதா? மிளகாய் தடவினது நீங்கதானே? எங்க தடவியிருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

"நானா? என்னையா?"

மறுநாள் மெஷினில் இருவரும் வாய் திறக்கவில்லை. தாளம் போனதால் விரிப்புகள் கோணிக் கோணி வெளியே வந்தன. அடுத்த நாளும் அதே கதை. கஞ்சி வந்து நின்றாள். காத்திருந்தாள். போனாள். உடனே திரும்பி வந்தாள். ஏற்கெனவே பார்த்த விரிப்பையே எடுத்து மறுபடி பிரித்தாள். இவன் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். தொலைந்தது, கோணல் விரிப்பையும் சேர்த்து எழுதப்போகிறாள். இனிமேல் மாற்றலைக் கனவில்தான் பார்க்கவேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து மச்சான் முன்னால் நிறுத்துவது. அதனால்தான் இன்று தள்ளுவண்டி.

கதவு மறுபடி திறந்தது.

குதிகால் சத்தம். டக், டக், டக்.

மாப்பிள்ளையின் ஒற்றைக் கண் விரிந்தது. கஞ்சி! உள்ளே வந்தவள் கதவருகே ஒரு கணம் நின்றாள். தரையைப் பார்த்தாள். தள்ளுவண்டிப் பக்கம் பார்த்தாள். துண்டுகளுக்கு அடியில் அவன் கல்லாகிப் போனான். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பாட்டிலை எடுத்தாள்.

கொட்டிவிடப் போகிறாள் என்று நினைத்தான்.

மூடியைத் திருகினாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். பாட்டிலை உயரத் தூக்கி, உதட்டுச் சாயத்துக்கு ஒரு சேதாரமும் இல்லாமல், அருவி மாதிரி ஒரே தாரையாகத் தொண்டைக்குள் இறக்கினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. வருஷக்கணக்கில் பழகியவர்களுக்குத்தான் அப்படி வரும்.

புறங்கையால் மோவாயைத் துடைத்துக்கொண்டாள். ஒரு தேன் மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கினாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"வெளிய வாங்க மாப்பிள்ளை. அதெல்லாம் நீச்சல்குளத்துத் துண்டு. உடம்பு அரிக்கும்."

தமிழ்.

சுத்தமான, தண்ணீர் மாதிரியான தமிழ்.

மாப்பிள்ளை எழுந்து நின்றான். தலையில் ஒரு துண்டு தலைப்பாகையாகத் தொங்கியது. அவன் மூளைக்குள் இத்தனை மாதமும் மெஷின் ஓரத்தில் பேசிய அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது. கஞ்சி. இஸ்திரி கலைஞ்சிடும். நாலா மடிச்சு...

"அந்தத் துடைப்ப அலமாரிக்குள்ள இருக்கிற மச்சானையும் கூப்பிடுங்க. மூச்சுத் திணறிடப்போகுது."

அலமாரிக் கதவு தானாகத் திறந்தது. தோளில் ஒரு ஒட்டடைக் குச்சியோடு மச்சான் வெளியே வந்தார். மாப்பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடிக்க, இவனுக்கு முன்பே வந்து ஒளிந்திருக்கிறார். போனில் இவன் சொன்னதையும் நம்பவில்லை.

"எப்... எப்படித் தெரியும்?" என்றார் மச்சான்.

அவள் கதவருகே தரையைக் காட்டினாள். அங்கே, துடைப்ப அலமாரியை ஒட்டி ஒரு ஜோடி ஷூ, ஒழுங்காகச் சேர்த்துவைத்து. தள்ளுவண்டியின் சக்கரத்தோரம் இன்னொரு ஜோடி.

"ஒளிய வர்றவங்க யாராவது செருப்பை வாசல்ல கழட்டி விட்டுட்டு ஒளிவாங்களா?"

"துணி மேல எப்படிங்க ஷூக்காலோட ஏர்றது?" என்றான் மாப்பிள்ளை.

"அதான் பார்த்தேன். நம்மாளுங்களால மட்டும்தான் முடியும்."

"நம்மாளுங்களா?" மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டார். "உங்க பேரு..."

"அது வீட்டுக்காரர் பேரு. முடி, கடைச் சாயம். நாக்கு எங்க அம்மா கொடுத்தது. வேற என்ன தெரியணும்?"

"நாங்க பேசினதெல்லாம்..."

"ஒரு வார்த்தை விடல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கஞ்சின்னதுல எனக்கு வருத்தமில்ல, பொருத்தமாத்தான் இருந்துச்சு. அந்த நாலா மடிச்சு அலமாரியில வெக்கிறது இருக்கே, அன்னிக்கு உங்க பக்கத்துல நின்னுக்கிட்டு சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! பல்லைக் கடிச்சுக் கடிச்சு தாடை வீங்கிப்போச்சு. வீட்டுக்குப் போய் அவருக்கு இந்த ஊர் பாஷையில சொன்னேன். சிரிக்கவே இல்ல. அலமாரியில இடம் போதாதேங்கிறாரு."

மச்சானுக்குச் சிரிப்பு முட்டியது. சிரிக்கலாமா என்று மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை, இவர் என்னைத் திருடன் என்றவராயிற்றே என்று முகத்தைத் திருப்பினான்.

"யோவ் மாப்ளே," என்றார் மச்சான். "கோபமா?"

'ங்க' போய்விட்டது. மாப்பிள்ளைக்கு அதுவே போதும். ஆனால் சிரிக்கிற நிலையில் அவன் இல்லை. வண்டியிலிருந்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றான்.

"மேடம்... அக்கா... என்னன்னு கூப்பிடறதுன்னே தெரியல. நாங்க பேசினது தப்புத்தான். மன்னிச்சிடுங்க. அந்தக் கோபத்துலதான் என் மாற்றலை நிறுத்தி வெச்சீங்களா?"

"கோபமா? எனக்கா?"

"பின்ன ஏன் இத்தனை நாளா..."

அவள் கன்னத்திலிருந்த மிட்டாயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினாள். கஞ்சி போட்ட முகத்தில் முதல் தடவையாக ஒரு மடிப்பு விழுந்தது. வெட்கம்.

"சோடாவைத் திருடினதை ஒத்துக்கிறேன். அதைவிட இது பெரிய திருட்டு" என்றாள் மெதுவாக. "இந்த ஊருக்கு வந்த நாளா என் காதுல தமிழ் விழுந்ததில்ல. திடீர்னு ஒரு நாள் அந்த மெஷின் பக்கம் போறேன், ரெண்டு பேர் விரிப்பைப் பிடிச்சுக்கிட்டு என்னையே திட்டறீங்க. எனக்குக் காலு நகரல. தெரிஞ்சா வாயை மூடிக்குவீங்கன்னு, தெரியாத மாதிரியே தினம் வந்து நின்னேன். உங்களை அனுப்பிட்டா உங்க மச்சான் அந்த மெஷின்ல யார்கிட்ட பேசுவாரு? மீசைகிட்டயா? நான் எதைக் கேக்கறது? அதான் கையெழுத்துப் போட மனசு வரல."

மாப்பிள்ளை ஒரு அடி முன்னால் வந்தான். போன், சட்டைப் பைக்குள் மறுபடி துடிக்க ஆரம்பித்தது.

"அப்ப... போடவே மாட்டீங்களாக்கா?"

"போட்டாச்சே. காலையிலயே போட்டு அனுப்பிட்டேன்."

"காலையிலயா! எப்படி? ஏன்?"

அவள் எழுந்தாள். பாட்டிலை மூடி அவன் கையில் கொடுத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு ஊமையாயிட்டீங்களே! பேசாத ஆளை இங்க பிடிச்சு வெச்சு எனக்கு என்ன பிரயோஜனம்?"